வாளிக் கணக்கு

சனிக்கிழமை. மழை.
வேல்ஸின் இந்த மூலையில் இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்.
கூட்டுறவுக் கடை வாசலில்
மஞ்சள் வாளியோடு நிற்கிறோம், நானும் நெரிஸும்.
போன வருஷம் இதே வாளியில்
கடல் மீட்புப் படகுக்கு வசூலித்தோம்.
ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்,
முழுசாக வரவில்லை.
பாதிப் படகு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
இருக்கட்டும் விடு, என்றாள் நெரிஸ்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை
லெம்லெம் லிவர்பூல் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.
போகாவிட்டால் தலைமறைவு என்று எழுதிவிடுவார்கள்.
போனால், திரும்பி அனுப்புவது
அன்றைக்கு அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் பாடு.
பஸ், ரயில், மறுபடி பஸ்.
அரசாங்கம் அவளுக்குத் தரும் வாரக் காசு
போவதற்குச் சரியாக இருக்கும்.
வருவதற்கு
நாங்கள்.

நான் பொருளாளர்.
ஆசைப்பட்டு ஆனதில்லை.
முதல் கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனேன்,
அதற்குள் முடிவு செய்திருந்தார்கள்.
பள்ளிக்கூட உணவகத்தில்
இருபது வருஷமாக உருளைக்கிழங்கு மசிக்கிறவளுக்கு
கணக்கு வராதா என்ன, என்றார் க்விலிம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
சரி, அளக்கிறேன்:
அறுபத்தோரு பவுண்டு நாற்பது பென்ஸ்,
செல்லாத அயர்லாந்துக் காசு ஒன்று,
நனைந்து கூழான ரசீது,
நான்கு துளையுள்ள ஒரு கோட்டுப் பித்தான்.

போட்டவர்களை எல்லாம் நினைவில்லை.
போடாத ஒருவர் நினைவிருக்கிறார்.
'நம்ம பிள்ளைகளுக்கே இங்கே வீடில்லை'
என்று சொல்லிவிட்டு நின்றார், பதிலுக்காக.
அவர் மகன் வேனில் தூங்குகிறான்.
எனக்குத் தெரியும்;
அவன் தட்டில் மதியச் சோறு வைத்தவள் நான்,
பட்டாணியை ஒதுக்கி வைப்பான்.
என்னிடம் ஒரு பதில் இருந்தது,
போன மாதம் துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்ததுதான்.
வாயில் வரவில்லை.
வாளியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.
அவர் பால் வாங்கிக்கொண்டு போனார்.

சாப்பல் கூடத்தில் லீக் சூப் விற்ற அன்று
மேடைக்கு மேலே துணி கட்டியிருந்தோம்:
'எங்கள் லெம்லெம் இங்கேயே இருக்கட்டும்.'
வந்தாள், அண்ணாந்து படித்தாள்,
'எங்கள்' எதற்கு, என்று கேட்டாள்.
யாரும் பேசவில்லை.
சூப் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.
அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை,
ஒரு பிழையைக் காட்டுகிற மாதிரி.
நெரிஸ் நாற்காலியில் ஏறி
அந்த ஒரு சொல்லை மட்டும் மடித்து ஊசி குத்தினாள்.
துணி ஒரு பக்கம் சுருங்கி, கோணலாகத் தொங்கியது
மாலை முழுக்க.

கூட்டிப் பெருக்கிய பிறகு
என் கணக்கு நோட்டை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள்.
அஸ்மராவில் சிமெண்ட் கம்பெனியில்
ஆறு வருஷம் பேரேடு எழுதியவளாம்.
எட்டு மாதமாக அவளுக்கு உருளைக்கிழங்கு கொடுக்கிறோம்,
ஒருவரும் கேட்டதில்லை.
மூன்றாம் பக்கத்தில் நான்கு பவுண்டு தவறு.
அதை இரண்டே நிமிஷத்தில் பிடித்தாள்.
சம்பளத்துக்கு இதைச் செய்தால் குற்றம்;
சும்மா செய்தால்
என் முகம் சிவப்பதோடு சரி.

பித்தானை என்ன செய்வது, என்றேன்.
'இதர வரவு: ஒன்று'
என்று எழுதி, பக்கத்தில் மதிப்பை
வெறுமையாக விட்டாள்.

செவ்வாய்க்கிழமை
காலை ஆறு ஐம்பது பஸ்.
போகும் கட்டணத்தைப் பேனாவால் எழுதினாள்.
திரும்பும் கட்டணத்துக்கு
என் காதிலிருந்த பென்சிலை எடுத்தாள்.
ஏன், டிக்கெட் வாங்கியாகிவிட்டதே,
பேனாவாலேயே எழுது, என்று நீட்டினேன்.

வந்து எழுதுகிறேன், என்றாள்.